வியாழக்கிழமை பூட்டிக் கிடந்த அறை

இதை நிதானமாக எழுத மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் பாதியில் எழுந்து போய்விட்டேன். நிதானம் வராது என்று தெரிந்துவிட்டதால் வருகிறபடியே எழுதுகிறேன்.

நான் உளவியல் படித்தவள். நாகர்கோவிலில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். மாவட்டத்தின் மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கும் மரச்சீனிக் கிழங்கு விளைகளுக்கும் நடுவில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்களின் நர்சுகள் பன்னிரண்டு பேருக்கு, மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையைக் கற்றுக்கொடுப்பது என் வேலை. மாத்திரை எழுதுவது அவர்கள் பொறுப்பில்லை. மனச்சோர்வில் இருக்கிறவர் எதையெல்லாம் செய்வதை நிறுத்திவிட்டார் என்று கேட்டு, அவற்றில் மிகச் சிறிய ஒன்றை இந்த வாரம் செய்ய வைத்து, அடுத்த வாரம் அது எப்படிப் போனது என்று உட்கார்ந்து பேசுவது. எட்டு வாரம். வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அறை. பல நாடுகளில், டாக்டர் இல்லாத இடங்களில், நர்சுகளை வைத்துச் செய்துபார்த்துப் பலன் உண்டு என்று தெரிந்த பிறகு வகுத்த முறை. எட்டு என்பது யாரும் வாய்க்கு வந்தபடி சொன்ன எண்ணிக்கை இல்லை.

பன்னிரண்டு பேரில் மூத்தவரை அக்கா என்றே சொல்கிறேன். என்னைவிடப் பதினேழு வயது பெரியவர். முப்பது வருடமாக அந்தப் பகுதியின் கிராம நர்சு. எந்த வீட்டில் எத்தனை பிரசவம், எந்த மருமகள் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதல் நாள் பயிற்சியில், நான் கொடுத்த கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"மேடம், இதுல மனசுக்குச் சந்தோஷம் தரக்கூடிய காரியம்னு ஒரு பட்டியல் இருக்கு. நாயக் கூட்டிட்டு நடக்கணுமாம். எங்க ஊருல நாயாக்கும் நம்மள வெரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. பட்டியலில் வெந்நீர்த் தொட்டியில் படுத்துக் குளிப்பது இருந்தது. தோழிக்கு வாழ்த்து அட்டை அனுப்புவது இருந்தது. யாரோ எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து வரிக்கு வரி மொழிபெயர்த்திருந்தார்கள். இதை மாற்ற வேண்டும் என்று நான் முன்பே எழுதிக் கேட்டிருந்தேன். அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று பதில் வந்திருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். அன்று மதியம் பன்னிரண்டு பேரும் சேர்ந்து வேறு பட்டியல் எழுதினோம். ஆற்றில் குளிக்கப் போவது. அண்டை வீட்டுக் கல்யாணத்துக்குக் காய் நறுக்கப் போவது. பூச்செடிக்குத் தண்ணீர் விடுவது. நல்ல சேலை ஒன்றைக் காரணமில்லாமல் உடுத்திக்கொள்வது.

அக்காவுக்குக் கற்றுக்கொடுப்பது எளிதாக இல்லை. ஒத்திகையில் நான் நோயாளியாக உட்கார்ந்து, "எனக்கு எதுவும் பிடிக்கவில்லை" என்று சொன்னால், அவர் உடனே, "எல்லாம் செரியாவும் மக்கா, வெசனப்படாத" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். நான் நிறுத்துவேன். ஆறுதல் சொல்லாமல் கேளுங்கள் என்பேன். மூன்றாவது முறை நிறுத்தியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பது வருஷமா ஆறுதல் சொல்லியாக்கும் நான் இந்த ஊருல நடக்கேன். நேத்து வந்த நீங்க அத வேண்டாம்ங்கிய."

"சொல்லலாம் அக்கா. அவங்க பேசி முடிச்ச பிறகு சொல்லலாம்."

அடுத்த ஒத்திகையில் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் பேசினேன். அவர் கண் மட்டும் என்மேல் இருந்தது. வேஷத்துக்குப் பேசத் தொடங்கிய நான் என் சொந்தக் கதைக்குள் போய்விட்டேன். அழுதும்விட்டேன். அன்றிலிருந்து அவர் என்னை மேடம் என்று கூப்பிடுவதை நிறுத்தினார்.

அவருடைய சுகாதார நிலையத்தில் தனியாக உட்கார்ந்து பேச அறை இல்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் உடைந்த எடை மெஷினும் கிடந்த ஒரு அறையை அவரே கூட்டிப் பெருக்கி, இரண்டு நாற்காலி போட்டு, ஜன்னலுக்குப் பழைய சேலையில் திரை தைத்துப் போட்டார். வியாழக்கிழமை காலை பத்து மணி. அவரிடம் வந்த முதல் பெண்ணுக்கு என் வயதுதான். அண்டியாபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், வேலை. இரண்டு வருடமாகத் தலைவலிக்கும் கைகால் உளைச்சலுக்கும் அந்த நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவள். அவளைப் பற்றி எழுதலாமா என்று பிறகு அக்கா மூலம் கேட்டபோது, "எழுதுங்க, பேரு வேண்டாம்" என்றாள். யார் பெயரையும் போட வேண்டாம் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

அவளுடைய மகள் தானே ஒருவனைத் தேர்ந்து, வேறு சாதியில், கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். வளைகுடாவில் இருந்து திரும்பியிருந்த கணவர், இனி அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றார். ஊர்ப் பெண்கள் காலையில் குளத்தில் குளிக்கும்போதுதான் எல்லாக் கதையும் பேசுவார்கள். அங்கே இவள் தலையைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். இவள் குளத்துக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டுக்குப் பின்னால் மறைப்பில் வாளித் தண்ணீரில் குளித்தாள். பிறகு கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு சாப்பிடுவதையும் ஏறக்குறைய நிறுத்தினாள். சிறு வயதிலிருந்து குளத்தில் நீந்தி வளர்ந்தவள்.

இதையெல்லாம் அக்கா வெள்ளிக்கிழமைதோறும் போனில் எனக்குச் சொல்வார். பயிற்சி பெற்றவர்கள் வாரம் ஒரு முறை பயிற்சியாளரிடம் பேச வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு பேரில் தவறாமல் பேசியவர் அக்கா ஒருவர்தான். இரண்டாவது வாரம் அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து தலை உலர்த்தினாள். மூன்றாவது வாரம் குளக்கரை வரை நடந்துவிட்டுத் திரும்பினாள். நான்காவது வாரம், ஆள் வராத மத்தியான நேரத்தில் குளத்தில் இறங்கி ஒரு முங்கு போட்டாள்.

"மக்கா, அவ சிரிச்சா கேட்டியா. எனக்க முன்னால இருந்து, வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா" என்று அக்கா போனில் கத்தினார். அவருக்குப் பேரன் பிறந்ததைச் சொன்னபோதுகூட அவ்வளவு சத்தம் இல்லை.

அடுத்த வாரத்துக்கான வேலையையும் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். எல்லோரும் இருக்கும் நேரத்தில் போக வேண்டும். போகும் முன் வியாழக்கிழமை வந்து அதைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்த வியாழக்கிழமை நாகர்கோவிலில் சான்றிதழ் வழங்கும் விழா வைத்தார்கள்.

திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் சென்னையில் இருந்தார். தேதியைச் சொல்ல அவர் போன் செய்தபோது நான் மறுத்தேன். "வியாழக்கிழமை அவங்க நோயாளி பார்க்கிற நாள் சார். ஐந்தாவது வாரம் முக்கியமான வாரம்."

"ஒரு நாள்தானே மேடம். அடுத்த வாரம் பார்த்துக்கட்டும். சிறப்பு விருந்தினருக்கு அன்னைக்குத்தான் நேரம் இருக்கு. பன்னிரண்டு பேரும் மேடையில நிக்கணும்."

நான் இன்னும் ஒரு முறை சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டேன். அந்த இடத்தில் எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தை மற்றவர்மேல் தள்ளிவிட முடியவில்லை.

அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொல்ல வழி இல்லை. வீட்டில் இருந்த ஒரே போன் கணவரிடம். அவருக்குத் தெரியாமல்தான் அவள் வந்துகொண்டிருந்தாள். அக்கா புதன்கிழமை அண்டியாபீசுக்குப் போய்ப் பார்த்தார். அன்று அவள் வேலைக்கு வந்திருக்கவில்லை. கடைசியில், நிலையத்தில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவரிடம், இன்னார் வருவார், அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

விழா பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளரும் விருந்தினரும் திருநெல்வேலியிலிருந்து காரில் வந்தார்கள். பன்னிரண்டு ஆனது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் அழகாக இருந்தன, இறங்கிக் கொஞ்சம் படம் எடுத்தோம் என்று சிரித்தபடி மேடையேறினார்கள். கிராமத்து மனங்களில் விளக்கேற்றியவர்கள் என்று எங்களைப் பற்றிப் பேசினார்கள். அக்கா என் பக்கத்தில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சான்றிதழில் அவருடைய தலைப்பெழுத்து தப்பாக இருந்தது.

அன்று நிலையத்தில் நடந்ததை இரண்டு வாரம் கழித்துத்தான் அறிந்தோம். அடுத்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அக்கா சீட்டு எழுதுகிறவரைக் கேட்டார். அவர் ஒளிக்கவில்லை. அன்று வரிசையில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அவள் நேராக அந்த அறைக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து இவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. இருந்த இடத்திலிருந்தே உரக்கச் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, மனநோய்க்குப் பாக்குத சிஸ்டர் இன்னைக்கு லீவாக்கும். அடுத்த வாரம் வா."

வரிசையில் அவளுடைய ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். குளத்தில் தினமும் குளிக்கிறவர்கள்.

அக்கா இதைச் சொன்னபோது நான் பேருந்தில் இருந்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை அந்த நிலையத்துக்குப் போய்ச் சீட்டு மேசையின் முன் நின்றேன். அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் வேகத்தில்தான் போனேன். ஐம்பது வயது இருக்கும். பேனா பிடித்த விரலில் மை.

"ஒரு பொம்பளைய நாலு பேரு முன்னால அப்படிச் சொல்லலாமா?" என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். "எப்படிச் சொல்லணும் மேடம்? நீங்க சொல்லித் தந்தியளா? பன்னிரண்டு நாளு பயிற்சி இங்க வச்சாக்கும் நடந்துது. சாயா வாங்கிட்டு வரச் சொன்னிய, வாங்கிட்டு வந்தேன். உள்ள இருந்து கேளும்னு ஒருத்தரும் என்கிட்ட சொல்லல்ல. அந்த ரூமுல என்ன நடக்குன்னுகூட எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட கேட்டேன், மனநோய்க்குன்னாவ. அதத்தான் சொன்னேன்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த நிலையத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் பேசுவது அவரிடம்தான். எந்தத் திட்டத்திலும் அவர் கிடையாது. கையேட்டில் கிடையாது. என் மண்டையிலும் இருக்கவில்லை. ஆயிரம் நுணுக்கம் பேசிய எனக்கு, வாசலில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் ஒரு மணி நேரம் பேசத் தோன்றவில்லை. அன்று அவருடைய மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கூட்டம் குறைந்த பிறகு பேசினேன். அவர் கேட்ட கேள்விகள் பயிற்சியில் யாரும் கேட்காதவை. கடைசியில், "அந்தப் பொண்ணுகிட்ட நான் மன்னிப்பு கேக்கணுமா, இல்ல கண்டும் காணாததுபோல இருக்கணுமா?" என்றார். தெரியவில்லை என்று சொன்னேன்.

அவளுடைய வீட்டுக்கு நான் போக முடியாது. புதிதாக ஒரு பெண் படியேறினால் கணவர் கேட்பார். அக்கா போனார். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு, பிரஷர் பார்க்கிற சாக்கில் இந்த வீட்டுப் பின்வாசலுக்குப் போனார். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எதுக்கு வந்திய?"

அக்கா பிரஷர் மெஷினைக் கீழே வைத்தார்.

"நாலு வாரம் எனக்க மனசுல கெடந்தத ஒண்ணொண்ணா எடுத்து உங்களுக்க முன்னால வச்சேன். எனக்க கெட்டினவன்கிட்ட சொல்லாததச் சொன்னேன். அஞ்சாவது வாரம் வந்தா கதவு பூட்டிக் கெடக்கு. நீங்க பரிசு வாங்கப் போயாச்சு. எனக்குப் பட்டம் கெட்டியாச்சு. இப்பம் குளத்துல என்னையப் பைத்தியம்னாக்கும் பறையாவ. முன்ன வெறும் மகள்காரிக்க கதைதான்."

இதையெல்லாம் அக்கா போனில் சொன்னார். "எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துது மக்கா. நான் போவல்ல, போகச் சொன்னாவ, புதன்கிழமை உன்ன வந்து பாத்தேன், சீட்டு எழுதுறவன்கிட்ட சொன்னேன், எல்லாம் வந்துது. ஒண்ணும் சொல்லல்ல. அவ பேசி முடிக்கட்டும்னு நின்னேன். பொறவு, தப்பு எங்களுக்கதான்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அவள் இனி ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டேன் என்றாள். அக்கா கேட்டார், "நீ வராண்டாம். நான் வரட்டா?"

அவள் மீனைக் கழுவி முடித்தாள். பிறகு, அண்டியாபீசுக்குப் பின்னால் ஒரு அயனி மரம் நிற்கிறது, சாப்பாட்டு நேரத்தில் அங்கே யாரும் வருவதில்லை என்றாள்.

அப்படித்தான் மீதி நான்கு வாரமும் நடந்தன. அந்த ஆலையின் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது அக்காவின் வேலைகளில் ஒன்று. அதை வியாழக்கிழமை மதியத்துக்கு மாற்றிக்கொண்டார். மாத்திரை கொடுத்து முடித்து, மரத்தடிக்குப் போவார். கையேட்டின்படி அது தவறு. அறை வேண்டும், கதவு வேண்டும், நாற்பது நிமிடம் வேண்டும். மரத்தடியில் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். நான் அதற்கு ஒப்புக்கொண்டேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

ஆறாவது வாரம் அவள் காலை ஆறரை மணிக்கு, எல்லோரும் இருக்கும்போது குளத்துக்குப் போனாள். அன்று சீட்டு வரிசையில் நின்ற இரண்டு பேரில் ஒருத்தி, "ஒனக்கு இப்பம் எப்படி இருக்கு?" என்று குரலை இழுத்துக் கேட்டாளாம். இவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "நல்ல கொணமிருக்கு. ஒனக்கும் ஒறக்கம் வரல்லன்னு சொல்லுவியே. வேணும்னா சொல்லு, சிஸ்டர்கிட்ட நான் சொல்லித் தாரேன்" என்றாளாம். சொல்லிவிட்டு அக்கரை வரை நீந்திப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். எட்டாவது வாரம் அவள் உறங்குகிறாள், சாப்பிடுகிறாள், ஆலையில் கூட வேலை செய்பவளின் போனில் மகளிடம் பேசுகிறாள் என்று அக்கா சொன்னார். கணவர் மாறவில்லை. மகள் இன்னும் அந்த வாசலுக்கு வரவில்லை. தலைவலி வாரத்தில் ஒரு நாள் வருகிறது. அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்தது அக்கா. திட்டம் தடை மட்டுமே போட்டது.

அந்த மாத முடிவில் ஒருங்கிணைப்பாளர் மறுபடி அழைத்தார். "மேடம், உங்க அறிக்கையில சிகிச்சை முடிச்சவங்க ரொம்பக் கொஞ்சமா இருக்கே."

"எட்டு வாரம் வந்தவங்க அவ்வளவு பேர்தான் சார்."

"ஒரு தடவை வந்திருந்தாலும் சேவை போய்ச் சேர்ந்தாச்சே. முடிஞ்சதுன்னு போட்டுக்கலாம்."

"ஒரு தடவை வந்தா அது சிகிச்சை இல்ல சார். நாலு வாரத்துல விட்டா என்ன ஆகும்னு இப்பதான் பார்த்தோம்." அந்தப் பெண்ணின் கதையை, யார் என்று தெரியாதபடி, முழுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்ல கேஸ் மேடம். வெற்றிக் கதைன்னு தனியா ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. படம் கிடைச்சா நல்லது."

அப்போது நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். அறிக்கையை மாற்றவில்லை. அதில், விழா நடந்த வியாழக்கிழமை எத்தனை நர்சுகளின் சந்திப்புகள் தடைபட்டன என்று ஒரு பத்தி சேர்த்து அனுப்பினேன். அடுத்த வருடத்துக்கு என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்காவுக்கும் ஒரு விளக்கக் கடிதம் கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வந்தது. வியாழக்கிழமைகளில் நிலையத்தை விட்டு ஏன் வெளியே போனீர்கள் என்று. அவர் பதிலை என்னிடம் படித்துக் காட்டினார். ஒரே வரி. "நோயாளி இருந்த இடத்துக்குப் போனேன்." அவருடைய நிலையத்தின் டாக்டர், அதுவரை எங்கள் வேலையில் எந்த அக்கறையும் காட்டாதவர், அந்தத் தாளுக்குக் கீழே, என் அனுமதியோடுதான் போனார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அனுமதி எதுவும் கேட்கப்பட்டிருக்கவில்லை. ஏன் போட்டார் என்று அக்காவுக்கும் புரியவில்லை.

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். அந்த அறையில் இப்போது கொசு மருந்து அடிக்கிற மெஷின் இருக்கிறது.

இந்த வருடம் புதிய நர்சுகளுக்கு அதே பயிற்சியை நடத்துகிறார்கள். பன்னிரண்டு நாள் கிடையாது. ஒரே நாள், ஆன்லைனில், மூன்று மணி நேரம். ஒரு பழைய மாணவி இணைப்பை எனக்கு அனுப்பினாள். உள்ளே போய் உட்கார்ந்தேன். திரையில் அதே கையேடு ஓடியது. நாயும் வெந்நீர்த் தொட்டியும் அப்படியே இருந்தன. யாரும் பேச முடியாதபடி ஒலியை அடைத்து வைத்திருந்தார்கள். கேள்விகளை எழுதி அனுப்பலாம் என்றார்கள். பதினொன்று எழுதினேன். நோயாளியோடு பேச அறை எங்கே? விழா வைத்தால் அன்றைய நோயாளிக்கு யார் பதில் சொல்வார்கள்? வாராவாரம் இவர்களோடு பேசப்போவது யார்? இப்படிப் பதினொன்று. பதில் வரவில்லை. கடைசியில் எல்லோரும் கேமராவைப் பார்த்துக் கையசைக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பதினொன்றையும் தாளில் எழுதி, ஒப்புகை அட்டை வைத்துத் திட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை திரும்பி வந்தது. யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். போன வாரம் இரண்டாவது முறையாக அனுப்பியிருக்கிறேன்.